சம்பந்தி கடலில் இருக்கிறார்

லாய்ட் ஹென்னிங் வாயிலிருந்த மணலைத் துப்பிக்கொண்டிருந்தபோது, மார்பில் செருகியிருந்த வாக்கிடாக்கி பேசியது.

"சம்பந்தி, அலையைத் தாண்டிட்டீங்களா?"

லாய்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருடைய மஞ்சள் கயாக் படகு கரையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்து கிடந்தது. தூண்டில்கழிகள், சாப்பாட்டுப் பை, தொப்பி எல்லாவற்றையும் பசிபிக் பெருங்கடல் வாங்கி வைத்துக்கொண்டு, அவரை மட்டும் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தது.

"தாண்டிட்டேன்," என்றார்.

அப்படிச் சொல்ல வேண்டுமென்று அவர் நினைக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

இந்த வாய்தான் அவரை இங்கே கொண்டுவந்ததும். அவருடைய மகன் கைலுக்கும் மரிசெல் என்ற பெண்ணுக்கும் அடுத்த வாரம் கல்யாணம். வசந்த காலத்தில் பெண்வீட்டில் முதல் விருந்து. பெண்ணின் அப்பா டெல்ஃபின் அகபிட்டோ சான்பிரான்சிஸ்கோவில் நகரப் பேருந்து ஓட்டுபவர். பிலிப்பைன்ஸில் ஏதோ தீவில் பிறந்தவர். புளி விட்ட மீன் குழம்பைப் பரிமாறிவிட்டு எல்லோரும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாராவது ஏதாவது பேசியாக வேண்டும். கடலே எட்டாத மொடெஸ்டோ ஊரில் பாதாம் தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்க்கிற லாய்ட், தாம் இருபது வருஷமாகக் கயாக்கில் போய் மீன் பிடிப்பதாகச் சொன்னார்.

அது உண்மைதான். ஆனால் பிடிப்பது ஊருக்கு வெளியே இருக்கிற நீர்த்தேக்கத்தில். அங்கே வாத்து குறுக்கே நீந்திப் போனால் எழுவதுதான் பெரிய அலை.

டெல்ஃபின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கடலிலா என்று கேட்டார். ஆமாம், வேறெங்கே என்றார் லாய்ட். தம்மிடமும் ஒரு கயாக் இருப்பதாக டெல்ஃபின் சொன்னார். சம்பந்திகள் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்த மீனைத்தான் கல்யாணத்துக்கு முந்தைய ராத்திரி விருந்தில் போடவேண்டும் என்று யாரோ சொல்ல, பெண்கள் கைதட்டினார்கள். மரிசெல் எழுந்து வந்து லாய்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். டெல்ஃபின் என்றாலே அவர்கள் பேச்சில் டால்பின் என்று அர்த்தமாம். அந்தப் பெயர் வைத்த தீவுக்காரர் முன்னால் நீர்த்தேக்கத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

அன்றிலிருந்து லாய்ட் தினமும் சோபாவில் உட்கார்ந்து வீடியோ பார்த்தார். அலைகள் கொஞ்சம் ஓய்கிற சமயம் பார்த்துத் தள்ள வேண்டும், தாவி ஏற வேண்டும், கயாக்கின் மூக்கை அலைக்கு நேராக வைத்துத் துடுப்புப் போட வேண்டும். சோபாவில் அவர் ஒருமுறைகூடக் கவிழவில்லை.

இன்றைக்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தபோது ஒரே மூடுபனி. அலை உடைகிற இடம் வரைக்கும்தான் தெரிந்தது. அதற்கு அப்பால் வெள்ளைத் திரை. நீங்க முன்னாடி போங்க சம்பந்தி, இல்லை நீங்க போங்க என்று இருவரும் மாற்றி மாற்றி மரியாதை செய்துகொண்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகவே தள்ளினார்கள். முதல் அலையிலேயே லாய்டின் கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. தண்ணீருக்குள் போவதற்கு முன் அவர் கடைசியாகப் பார்த்தது, டெல்ஃபினின் நீலக் கயாக் அலையின் உச்சியில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி மறைந்ததைத்தான். மனுஷன்னா இவர்தான் மனுஷன் என்று நினைத்துக்கொண்டே லாய்ட் கவிழ்ந்தார்.

மறுபடி முயன்றார். இந்தத் தடவை அவர் கயாக்கில் ஏறுவதற்கு முன்னால் கயாக் அவர்மேல் ஏறியது. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வந்த ஓர் அம்மாள் நின்று, அடிபட்டுவிட்டதா என்று விசாரித்தார். இல்லை, கரையேறப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்றார் லாய்ட். அந்த அம்மாள் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, நாயோடு பெரிய பாறையைச் சுற்றி அடுத்த கரைக்குப் போய்விட்டார்.

வாக்கிடாக்கி மறுபடி கூப்பிட்டது. அலை உடைகிற சத்தம் பலமாகக் கேட்கிறதே, கரைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று டெல்ஃபின் கேட்டார். கொஞ்சம் இருங்கள், மீன் இழுக்கிறது என்று சொல்லிவிட்டு லாய்ட் ஓடினார். சத்தம் கேட்காத இடம் என்று அந்தக் கரையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்த சிமெண்டுச் சுவர் வைத்த கழிப்பறை. ஓர் அறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, ஒரு நல்ல பாறைமீன் மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

டெல்ஃபின் தமக்கும் ஒன்று மாட்டியதாகச் சொன்னார். அவர் பேசும்போது பின்னால் ஏதோ குரைத்தது.

"கடற்சிங்கம், சம்பந்தி. நாய் மாதிரியே கத்துது. மீனைப் பறிக்கப் பாக்குது."

லாய்டுக்குப் பொறாமையாக இருந்தது. கடற்சிங்கத்தோடு சண்டை போட்டு மீன் பிடிக்கிற ஆளோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு கழிப்பறையில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பித்தானை அழுத்தினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் யாரோ ஃபிளஷை அழுத்திவிட்டார்கள்.

"என்ன சத்தம் அது?" என்றார் டெல்ஃபின்.

"திமிங்கிலம்," என்றார் லாய்ட்.

பக்கத்து அறையிலிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் வெளியேறும் காலடிச் சத்தம் கேட்டது.

திமிங்கிலத்தைப் பார்க்க அங்கேயே வருகிறேன், எங்கே இருக்கிறீர்கள் என்று டெல்ஃபின் கேட்டார். திமிங்கிலம் முங்கிவிட்டது என்றார் லாய்ட் அவசரமாக, இங்கே வரவேண்டாம், நீங்கள் இன்னும் மேற்கே போங்கள், பெரிய மீனெல்லாம் அங்கேதான் இருக்கிறது என்றார். அதை நம்பவைக்க, தாமே இப்போது மேற்கே போய்த்தான் இடுப்புயரத்துக்கு ஒரு ஹாலிபட் மீன் பிடித்ததாகவும், அதைத் தூக்கிப் போட்டதில் கயாக்கே சாய்ந்துவிட்டதாகவும் சேர்த்துக்கொண்டார்.

"ரொம்ப சந்தோஷம், சம்பந்தி," என்றார் டெல்ஃபின். குரல் மெலிந்திருந்தது.

அதன்பிறகு அவர் பேசவே இல்லை.

முதலில் லாய்டுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வெளியே வந்து மணலில் உட்கார்ந்தார். திரும்பிப் போகிற வழியில் எங்கே ஹாலிபட் கிடைக்கும் என்று யோசித்தார். பிறகு அவராகவே கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பனி இன்னும் கெட்டியாகி, அலை உடைகிற இடமும் மறைந்துவிட்டது. மேற்கே போங்கள் என்று அவர்தான் சொன்னார். மேற்கே என்ன இருக்கிறது? ஜப்பான் வரைக்கும் தண்ணீர்.

அவசர அலைவரிசையில் மீட்புப் படகைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் கூப்பிட்டால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து லாய்ட் கயாக்கைத் தண்ணீருக்குள் இழுத்தார்.

அலை ஓய்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. வீடியோ எதுவும் நினைவுக்கு வரவில்லை. முகத்தில் அறைந்த தண்ணீரோடு சேர்த்து டெல்ஃபின் டெல்ஃபின் என்று கத்திக்கொண்டே துடுப்பைப் போட்டார். ஒரு அலை கயாக்கை நட்டுக்குத்தலாக நிறுத்தியது. அடுத்தது தலைக்கு மேலே உடைந்தது. கண்ணைத் திறந்தபோது சத்தமெல்லாம் அவருக்குப் பின்னால் இருந்தது. கடல் வழவழவென்று மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக ஆசைப்பட்ட இடத்துக்கு வந்துவிட்டார். வந்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை.

அங்குமிங்கும் துடுப்புப் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே போனவர், பனிக்குள் நீலமாக ஒன்றைக் கண்டார். டெல்ஃபினின் கயாக். கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை.

அப்போதுதான் லாய்ட் அவசர அலைவரிசையைப் போட்டார்.

மீட்புப் படகை ஓட்டிவந்தவள் ஜோலீன் வார்கா என்ற நாற்பது வயதுப் பெண். லாய்டைப் படகில் ஏற்றிக் கம்பளியைப் போர்த்திவிட்டு, இரண்டு கயாக்குகளையும் கட்டி இழுத்துக்கொண்டு, கேள்விகளை ஆரம்பித்தாள். கடைசியாகப் பேசியபோது அவர் உங்களுக்கு எந்தப் பக்கம் இருந்தார், நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

"நான் கொஞ்சம் தெற்கே இருந்தேன்," என்றார் லாய்ட். "ஒரு அரை மைல் இருக்கும். அவர் எனக்குப் பக்கத்துலதான்."

அவள் நீரோட்டத்தைக் கணக்குப் போட்டுப் படகைத் தெற்கே திருப்பினாள். லாய்ட் பார்த்துக்கொண்டிருந்தார். கயாக் கிடைத்த இடம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறக்காவிட்டால், அவருடைய பொய் மீன் பிடித்த இடத்தில்தான் இவர்கள் சாயங்காலம் வரைக்கும் ஒரு மனிதரைத் தேடுவார்கள்.

"நிறுத்துங்க," என்றார். "நான் தெற்கே இல்ல. அப்போ நான் கடல்லயே இல்ல."

"பின்ன எங்க இருந்தீங்க?"

"கழிப்பறையில."

ஜோலீன் இன்ஜினைத் தணித்தாள்.

"அந்த ஹாலிபட்?" என்று கேட்டாள்.

வாக்கிடாக்கியில் பேசுவது கடலோரம் முழுக்கக் கேட்கும் என்பது லாய்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல," என்றார்.

"திமிங்கிலம்?"

"பக்கத்து அறையில யாரோ ஃபிளஷ் பண்ணாங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் லாய்டுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவள் படகை மறுபடி திருப்பி, இன்னொரு படகையும் வரச்சொல்லி ரேடியோவில் விவரம் கொடுத்தாள். தேடப்படுபவரோடு வந்தவர் கரையில் இருந்தார், சொன்ன இடங்கள் எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல, லாய்ட் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டார். டெல்ஃபின் தம்மை நம்பி மேற்கே போனார். கேட்டவுடனே போயிருப்பார். சந்தோஷம் சம்பந்தி என்று வேறு சொன்னாரே.

பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் இருந்த படகுத்துறையில் ஜோலீன் அவரை இறக்கிவிட்டாள். அந்த வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், நாங்கள் ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம்," என்றார் லாய்ட். "நான்தான் சொல்லணும்."

அவருடைய போன் கடலோடு போய்விட்டது. துறைக்கு மேலே ஒரு காபி வண்டி நின்றிருந்தது. அதை நோக்கி நடந்தார். ரப்பர் உடையிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் பிதுங்கியது. மரிசெல்லிடம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். அம்மா, உங்கப்பா கடலில் ஒரு விபத்தில், என்று ஆரம்பித்தார். அதில் தம்மைப் பற்றி ஒன்றுமில்லை என்று பட்டது. உங்கப்பாவை நான்தான் மேற்கே போகச் சொன்னேன் என்று மாற்றினார். ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாள். அந்த இடத்தில் அவர் நடை நின்றுவிட்டது. கல்யாணம் நடக்குமா என்பதையெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. கழுத்தைக் கட்டிக்கொண்ட அந்தப் பெண் இனிமேல் தம் முகத்தை எப்படிப் பார்ப்பாள் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது.

காபி வண்டியில் தலையில் கைக்குட்டை கட்டிய ஒரு பெண் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் இருந்த சின்ன ரேடியோவில் ஜோலீனின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. லாய்ட் ஒரு போன் பேசவேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. யாரிடமாவது சொல்லிப் பழகிக்கொண்டால்தான் வீட்டில் சொல்ல வாய் வரும் போலிருந்தது. சம்பந்தியைக் கூட்டிவந்தது, அலை தம்மைத் திருப்பி அடித்தது, கழிப்பறையில் உட்கார்ந்து மீன் பிடித்தது, அவரை மேற்கே அனுப்பியது, கவிழ்ந்த கயாக்கைக் கண்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லும்போது அழுதுகொண்டிருந்தார், ஈர முகத்தில் அது தெரியவில்லை.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"உங்க சம்பந்தி, குட்டையா, நரைச்ச மீசை வச்சவரா?"

லாய்ட் தலையாட்டினார்.

அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கடலுக்குப் போனது அவரோட படகு மட்டும்தான் சார், அவர மொத அலையே இந்தப் பக்கம் கரையில தள்ளிடுச்சு, 'எங்க சம்பந்தி ஹாலிபட்டோட வந்து கேட்டா, நான் இன்னும் கடலுக்குள்ளதான் மீன் பிடிச்சுகிட்டிருக்கேன்னு சொல்லும்மா'ன்னு என் கையப் பிடிச்சுக் கெஞ்சிட்டு, அவரோட வாக்கிடாக்கிய அணைச்சுட்டு, அப்பலேருந்து என் வண்டிக்குப் பின்னாலதான் ஒளிஞ்சுகிட்டிருக்காரு."