நாலாவது மாடிப் போராட்டம்

கையெழுத்துத் தாளில் ஒரு வாரமாக ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது. அதுவும் அவளுடையது.

"மூணு மாசமா லிஃப்ட் ஓடல. இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுறீங்க. ஒரு கையெழுத்துப் போட என்னக்கா யோசனை?"

மூன்றாவது மாடித் தையல்கார அக்கா துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடந்தா உடம்புக்கு நல்லதுதானே, கண்ணு."

முதல் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் பேனாவில் மை இல்லை என்றார். அவள் தன் பேனாவை நீட்டியதும் கண்ணாடியைக் காணோம் என்றார். கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது. வாட்ச்மேனோ, லிஃப்ட் அறைச் சாவியே தொலைந்துவிட்டது என்று தலையைச் சொறிந்தார்.

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. எங்கே தெருவிளக்கு எரியாவிட்டாலும் முகநூலில் பொங்கி எழுந்து நாலு பேரைத் திரட்டுகிறவள். அப்பா அவளைக் கூப்பிடுவதே 'போராளி' என்றுதான். அம்மா இறந்து ஐந்து மாதம். வெளியூர் வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு இருக்க இப்போதுதான் வந்திருந்தாள். வந்து பார்த்தால், மனிதர் மூன்று மாதமாகத் தெருவில் கால் வைக்கவில்லை.

"லிஃப்ட் சரியானா கீழே வருவீங்களாப்பா? பூங்கா வரைக்கும் போயிட்டு வரலாம்."

"பார்க்கலாம், போராளி" என்றார் அப்பா. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

அந்த முகத்துக்காகவே அவள் கைபேசி முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கம்மா நர்ஸ். சாயங்காலம் ஆறு மணிக்கு அவங்க வேலை முடிஞ்சு வர்ற லிஃப்ட் மணி அடிச்சதும், அப்பா ரெண்டு கப்போட வாசல்ல நிப்பார். அப்படி இருந்த மனுஷன் இன்னிக்கு நாலாவது மாடியில சிறைப்பட்டுக் கிடக்கிறார்."

விடிவதற்குள் அறுபதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். அதில் பாதிப் பேர் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, 'அப்பாவை விடுதலை செய்' என்று ஆரம்பித்துவிட்டார்கள். பத்து மணிக்கு ஒரு போலீஸ்காரர் மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"இங்க யாரை அடைச்சு வெச்சிருக்கீங்க?"

"யாரையும் இல்ல சார். லிஃப்ட் ஓடல, அவ்வளவுதான்."

"அது ஏறும்போதே தெரிஞ்சுதும்மா" என்று அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உடனே ஒரு விளக்கம் எழுதினாள்: 'அப்பா கைதி இல்லை. எழுபத்திரண்டு படிகள்தான் பிரச்சினை.' அதைப் படித்துவிட்டு, எழுபத்திரண்டு படியை யார் வேகமாக ஏறுகிறார்கள் என்று பந்தயம் வைத்துப் படம்பிடிக்க இளைஞர்கள் வந்து இறங்கினார்கள். காய்கறிப் பையோடு வந்த தையல்கார அக்கா, சுவரோடு சுவராக ஒட்டி நின்று அவர்களுக்கு வழிவிட்டாள்.

"இப்பவாவது கையெழுத்துப் போடுங்கக்கா."

"விட்டுடேன், கண்ணு" என்றாள் அக்கா. குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. பயந்த ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் மூன்றாவது பதிவைப் போட்டாள். 'ஞாயிறு காலை பத்து மணி. எங்கள் வாசல். வாருங்கள்.'

முந்நூறு பேர் வந்தார்கள். அட்டைகள், ஒலிபெருக்கி, இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்கள். கட்டடத்தில் குடியிருந்தவர்கள் மட்டும் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். பராமரிப்பு அலுவலகம் பதறிப்போய், விடுமுறை நாளிலும் ஒரு மெக்கானிக்கை அனுப்பியது. அவர் பூட்டை உடைத்து உள்ளே போய், ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்தார். "இதுல ஒரு ரிப்பேரும் இல்லீங்க. யாரோ மெயின் சுவிட்சை அணைச்சு வெச்சிருக்காங்க. போட்டுட்டேன், இப்ப ஓடும்."

"சதி" என்றது கூட்டம்.

அவள் கைபேசியை வாட்ச்மேன் பக்கம் திருப்பினாள். "சாவி தொலையவே இல்ல, அப்படித்தானே?"

"ஆமாம்மா."

"யார் சொல்லி இப்படிப் பண்ணீங்க?"

அவர் லிஃப்டைத் திரும்பிப் பார்த்தார். "லிஃப்ட்ல மட்டும் மேல போகாதம்மா" என்றார்.

அவள் ஏறிக்கொண்டாள். கைதட்டலுக்கு நடுவே கதவு மூடியது. அப்பாவைக் கையைப் பிடித்து இதே லிஃப்டில் கூட்டி வந்து, அத்தனை பேர் முன்னால் தெருவில் நிறுத்தப்போகிறாள்.

நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றது. மணி அடித்தது.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசலில் அப்பா. ஒரு கையில் இரண்டு காலிக் கப்புகள். மறு கை அவசரமாகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் வந்து இத்தனை நாளில் அவர் சிரித்து இப்போதுதான் பார்க்கிறாள்.

"பால் இப்பத்தான் வெச்சேன்..." என்று சொல்லிக்கொண்டே, அவள் தோளுக்குப் பின்னால் எட்டி லிஃப்டுக்குள் பார்த்தார். உள்ளே யாரும் இல்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நீயா, போராளி" என்றார்.

அவள் கைபேசியை அணைத்தாள். படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து ஏறி வந்த தையல்கார அக்கா, அவள் காதோடு சொன்னாள்:

"மொட்டை மாடியில துணி காயப்போட யார் வந்தாலும் இங்கதான் இறங்கணும், கண்ணு. ஒரு நாளைக்கு இருபது தடவை மணி அடிக்கும், இருபது தடவையும் இப்படித்தான் வந்து நிப்பார். பார்க்க முடியாம, நாங்க எல்லாருமாச் சேர்ந்துதான் சுவிட்சை அணைச்சோம்."