கூரைக்குப் போன பல்

பிரஷை நாயின் வாயிலிருந்து உருவியதும் லுவான் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பற்பசையோடு ஒரு பல்லும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

நாய் அவனுடையதல்ல. அவன் வேலை பார்க்கும் டைல்ஸ் கம்பெனியின் முதலாளி திராம் மேடத்தின் செல்லம். பெயர் சூசூ, வயது ஐந்து மாதம். தாலாட் மலைக்குப் பத்து நாள் ஓய்வுக்குப் போனபோது, "தினம் ரெண்டு வேளை பல்லு தேச்சு விடுங்க லுவான், வாய் நாறக் கூடாது" என்று ஒப்படைத்திருந்தார். கந்தோ நகரக் கிளைக்கு யார் மேலாளர் என்பதைத் திரும்பி வந்து சொல்வாராம். பதினோரு வருடமாகக் கழிப்பறை டைல்ஸ் விற்றே தேய்ந்த லுவானுக்கு அந்த நாற்காலி வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கொடுமை.

"மேல் பல்லா, கீழ்ப் பல்லாண்ணே?" பக்கத்து வீட்டில் மூன்று பெண் பிள்ளைகளோடு கஞ்சிக் கடை நடத்தும் மியென் எட்டிப் பார்த்தாள்.

"எதுவா இருந்தா என்னம்மா? எனக்கு வேலையே போகப் போகுது!"

"மேல் பல்லுன்னா கட்டிலுக்கு அடியில போடணும். கீழ்ப் பல்லுன்னா கூரை மேல. எலிகிட்ட கேட்டுட்டுப் போடுங்க, முளைச்சிரும்."

"இது நாய்ம்மா!"

"நாய்க்கு மட்டும் எலி முளைக்க வைக்காதா?"

சைகோனில் பிறந்த எவனும் சின்ன வயதில் செய்ததுதான். "எலியாரே, எலியாரே, பழசை வாங்கிக்கிட்டுப் புதுசு குடுங்க" என்று முணுமுணுத்து, மியென் வீட்டுத் தகரக் கூரைமேல் அந்தக் கீழ்ப் பல்லை வீசினான்.

பல் முளைக்கவில்லை. மிச்சப் பல்லும் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் பிரஷைத் தலைமுழுகிவிட்டு, மூன்று வேளையும் வெறும் கஞ்சி ஊற்றினான். மேடம் போன எட்டாம் நாள் சூசூவின் வாய் மீன் சந்தையாக நாறியது. நாற்றம் போகப் புதினாவை அரைத்து ஊட்டினான். அது மொத்தத்தையும் அவனுடைய ஆபீஸ் செருப்பில் வாந்தியெடுத்தது.

அந்த நேரம் பார்த்து மேடம் வீடியோவில் வந்தார். "சூசூக்குட்டி, அம்மாவுக்கு ஈ காட்டு!"

துரோகி, காட்டிவிட்டது.

"லுவான்! அங்க என்ன ஓட்டை?"

அழாத குறையாக எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான், கூரையைத் தவிர.

மேடம் சிரித்தார். "அட மண்டு! அது பால் பல்லு, தானா விழும், தானா முளைக்கும்." லுவானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முதல் பல்லாச்சே, பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? தங்கம் கட்டி கழுத்துல போடப்போறேன். நாளன்னிக்கு வர்றேன்." வந்த உயிர் மறுபடியும் போயிற்று.

"வச்சிருக்கேன் மேடம்" என்றது வாய். முதலில் தேய்த்திருக்க வேண்டியது அந்த வாயைத்தான்.

வேறொரு பல்லை ஆட்டிப் பிடுங்கலாமா என்று பார்த்தான். அதுவரை சாதுவாக இருந்த சூசூ, மிச்சமிருந்த பல் அத்தனையையும் அவன் கட்டைவிரலில் இறக்கியது. கட்டுப் போட்ட விரலோடு கூரையேறினான். இரண்டாவது அடியிலேயே துருப்பிடித்த தகரம் உடைந்து, ஒரு கால் மியெனின் அடுக்களைக்குள் தொங்கியது.

"அண்ணே! காலைத் தூக்குங்க, கீழ கஞ்சி கொதிக்குது! அங்க என்ன பண்றீங்க?"

அசடு வழிய மனமில்லை. "கூரை ஒழுகுதான்னு பாக்குறேன்மா."

"இனிமே ஒழுகும்!"

தொங்கியபடியே சருகையும் பூனை எச்சத்தையும் துழாவியதில், வெள்ளையாக, பொடியாக ஒரு பல் கையில் சிக்கியது. லுவான் அந்தக் கூரையிலேயே விசும்பி விசும்பி அழுதான்.

அப்புறம் எல்லாம் நல்லபடியாக நடந்தது. மேடம் பல்லை முத்தமிட்டு வாங்கிக்கொண்டார், தங்கச் சங்கிலியில் கோத்து அணிந்து ஊருக்கெல்லாம் படம் போட்டார். கூடவே கந்தோ உத்தரவும் வந்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த லுவான், கூரைக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்த தெம்பில் மியெனிடம் போனை நீட்டினான்.

"பாரும்மா, நம்ம சூசூவோட பல்லு!"

மியென் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நாய்ப் பல்லு அன்னிக்கே கூரையிலேர்ந்து உருண்டு என் கருவாட்டுத் தட்டுல விழுந்துருச்சுண்ணே, இந்தாங்க, உங்க மேடம் கழுத்துல தொங்குறது என் மூணாவது பொண்ணு கூரையில போட்டது, அந்தச் சொத்தைப் பல்லை எனக்குத் தெரியாதா?"