ரொதெலியோவின் மனத்தோழி

ரொவேனா பேச்சை நிறுத்திவிட்டாள். கல்யாண நாளை மறந்த கணவனிடம் மணிலாவில் எந்த மனைவியும் பேசமாட்டாள். இந்த ஊடலுக்கு ஒரே மருந்து, கதவருகே நின்று கெஞ்சிக் கொஞ்சி, பிடித்ததை வாங்கிக் கொடுப்பதுதான். ரொதெலியோவுக்கும் அது தெரியும். ஆனால் அவன் அலுவலகத்தில் எல்லோருக்கும் மன அமைதிக்கென்று ஒரு செயலி கொடுத்திருந்தார்கள். அதில் 'மனத்தோழி' என்று ஒருத்தி. என்ன எழுதினாலும் பதில் போடுவாள். மெஷினிடம் என்ன வெட்கம்?

சனிக்கிழமை தாய்வீட்டுக்குக் கிளம்புவதாக, கூடவே இருந்த தன் தங்கை மைலீன் மூலம் ரொவேனா சொல்லியனுப்பினாள். அவன் பயந்துபோய் ஃபோனை எடுத்தான்.

"இப்ப உங்க மனசுல என்ன இருக்கு?" என்றாள் மனத்தோழி.

"எரிச்சல். சின்ன விஷயத்துக்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறா. எப்பவும் இப்படித்தான்."

"எப்பவுமா?"

"அப்படியே அவங்கம்மா!"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. "அவங்களைத் தனியா விடுங்க. உங்க மூச்சை மட்டும் கவனிங்க."

அவன் சோபாவில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தான். அன்று ரொவேனா தனக்கும் மைலீனுக்கும் மட்டும் சமைத்தாள்.

"பட்டினி போட்டுட்டா," என்று எழுதினான். "ஒண்ணும் நஷ்டமில்லை. அவ வைக்கிற சினிகாங் சூப் வெறும் தண்ணி."

"அப்ப நீங்களே சமைச்சுப் பாருங்க. பாத்திரத்தையும் கழுவுங்க. மனசு லேசாகும்."

சமைத்தான். சோறு கருகி, அவளுக்குப் பிடித்த பாத்திரம் பாழானது. படுக்கையறைக் கதவை ரொவேனா உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டாள். அங்கேதான் அவள் கம்ப்யூட்டரில் ஏதோ கம்பெனிக்கு வேலை பார்ப்பாள். என்ன வேலை என்று அவன் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது; ரொவேனா மட்டும் இன்னும் படுக்கையறையை விட்டு வரவில்லை.

"அத்தான், ரெண்டு வார்த்தை கெஞ்சினா என்ன கொறைஞ்சு போயிடும்?" என்றாள் மைலீன்.

"தனியா விடணும்னு ஆப்பு சொல்லுதே."

"நல்லாயிருக்கு போங்க! அப்ப அதையே கட்டிக்கிட்டு அழுங்க."

அவன் சமையலறையில் ஒதுங்கினான். ஃபோனில் எழுதினான். "பயமா இருக்கு. மறந்தது என் தப்புதான். நேர்ல சொல்ல வாய் வரமாட்டேங்குது. அவ போயிட்டா எனக்கு யாரு இருக்கா?"

பதிலே இல்லை. அவசரத்துக்கு உதவாத சனியன் என்று ஃபோனைத் திட்டினான். அப்போது மைலீன் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா போகலை, அத்தான். மனத்தோழியா உக்காந்து பதில் எழுதறதுதான் அவ வேலை. உங்களுக்கு என்ன எழுதறதுன்னு தெரியாம அழுதுக்கிட்டிருக்கா."