தங்கபாயின் நல்லிருக்கை

மோட்டார் பஸ் வந்தது. என் வில்வண்டித் தொழில் படுத்தது. பஸ்ஸில் குலுங்கிப் போனவர்களின் இடுப்பும் படுத்தது. தொழிலை மீட்க முடியாது, இடுப்புகளை மீட்கலாம் என்று தீர்மானித்தேன். ஐம்பத்திரண்டு வயதில், எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் உழிச்சல் படிக்கப் புறப்பட்டேன். இது அறிவா அகம்பாவமா என்று வழியெல்லாம் யோசித்தேன். முடிவுக்கு வருமுன் ஆசானின் ஊரான கொட்டாரம் வந்துவிட்டது.

உழிச்சல் சொல்லித்தரும் பகவதியப்பன் ஆசான் என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார்.

"மூக்கணாங்கயிறு பிடிச்ச கை. மனுசன் மாடில்ல ஓய், இழுத்தா வரமாட்டான்."

பல மாதம் எண்ணெய் காய்ச்சினேன். அவர் கை போகும் வழியைப் பார்த்தேன். கடைசியில் சொன்னார்: "ஒரு உடம்பைச் சொகப்படுத்தும். உம்ம கையில சொகமாச்சுன்னு அந்த ஆளு எங்கிட்ட வந்து சொன்னா நீரு உழிச்சல்காரன். சொல்லலேன்னா வண்டிக்கே போயிரும்."

வண்டியை விற்றுவிட்டேன் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தேன்.

"ஏட்டி தங்கபாய், உனக்கு இடுப்பு வலி உண்டுல்லா?"

"கலியாணம் முடிஞ்ச நாள்லேருந்து உண்டு. இண்ணைக்குத்தான் கேக்கீங்க."

"நான் உழிஞ்சு விடுகேன்."

"மொதல்ல அந்தச் சாட்டையை வெளிய போடுங்க."

பாய் விரித்துப் படுத்தாள். எண்ணெய் விட்டு உழிந்தேன்.

"இங்கயா வலி?"

"மேல."

"இங்கயா?"

"கீழ."

"இப்பம்?"

"பேசாதீங்க, உறக்கம் வருது."

ஒரு வாரம் போதும் என்று நினைத்திருந்தேன். "கொறஞ்சிருக்கு, இன்னும் ஒரு நாளு" என்று அவள் தினமும் நீட்டினாள். என் கை அவ்வளவு இதமா, அவளுக்கு என்மேல் அவ்வளவு பிரியமா என்று யோசித்து யோசித்து மாதம் ஓடியது. ஒருநாள் எழுந்து உட்கார்ந்து, "சொகமாச்சு" என்றாள்.

"வா, ஆசான்கிட்ட சொல்லு."

"எப்பிடி வரியது? நல்லிருக்கை இருக்காண்டாமா?"

எத்தனை நாள் உழிச்சலோ அத்தனை நாள் வேலை எதுவும் செய்யாமல் இருக்கவேண்டும். அதுதான் நல்லிருக்கை. ஆசான் சொன்ன அந்த விதியை நான்தான் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன்.

"அது நோயாளிக்கு, ஏட்டி!"

"அப்பம் நான் ஆரு?"

"என் பெண்டாட்டி."

"சரி. ஆசான்கிட்ட வந்து, நான் இவருக்கப் பெண்டாட்டின்னு மட்டும் சொல்லட்டா?"

மறுநாள் காலையில் நான் கிணற்றில் தண்ணீர் கோரினேன். தேங்காய் துருவினேன். துவையல் அரைத்தேன். பயறுக்கஞ்சி வைத்தேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கனி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அண்ணனுக்குப் புது உத்தியோகமா, மைனி?"

"உழிச்சல் படிக்காரு."

"அம்மியிலயா?"

உழிச்சல் எனக்கு உளைச்சலாயிற்று. "துவையல்ல உப்பு போரா" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. போட்டேன். அவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காக எல்லாம் போட்டேன்.

நல்லிருக்கை ஒருவழியாக முடிந்தது. பஸ்ஸிலேயே அவளைக் கொட்டாரத்துக்குக் கூட்டிப்போனேன். ஆசான் வீட்டுப் பின்கட்டில் ஏழெட்டுப் பேர் நல்லிருக்கையில் கிடந்தார்கள்.

"சொகமாம்மா?"

"நல்ல சொகம், ஆசானே."

நான் நிமிர்ந்தேன்.

"இவரு கையிலதானா?"

"இவரு கையிலதான். உழிஞ்சதுக்கு வலி ஒண்ணும் கேக்கல்ல. இவரு கையால வச்ச கஞ்சியைக் குடிச்சிட்டுச் சும்மா கெடந்தேன் பாருங்க, அதுலயாக்கும் வலி ஒக்கப் போச்சு."

ஆசான் பின்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளில் தட்டினார்.

"கை நல்ல கைதான் ஓய். அடுப்படி அந்தப் பக்கம்."