போவா, இங்கியா, ஆச்சா

பயந்த ஆட்கள் ஊர் சுற்ற மாட்டார்கள் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அது தப்பு. வீட்டில் இருந்தாலும் பயம், வெளியே போனாலும் பயம் என்று ஆன பிறகு, வெளியே போய்ப் பயந்தால் நாலு இடத்தைப் பார்த்த மாதிரியாவது இருக்கும். நான் அப்படித்தான் ஆப்பிரிக்கா போனேன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்குத் தையல் கடை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆகவில்லை. (ஏன் என்று கேட்டுக் களைத்தவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். நீங்களாவது விட்டுவிடுங்கள்.) கடையைப் பூட்டித் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு, பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்க்கிற ஜாதி நான். அயர்ன் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கி வைத்ததைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்வேன், வீட்டில் சந்தேகம் வந்தால் பார்க்க. அப்பேர்ப்பட்டவள் போனில் காட்டு மிருக வீடியோவாகப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கென்யாவுக்கு சஃபாரி போகப் போகிறேன், தனியாக.

அண்ணனுக்கு மணியாச்சி ஜங்ஷனில் ரயில்வே வேலை. வாழ்நாள் முழுக்க ரயில்களை வழியனுப்பி வைத்தவருக்குத் தங்கச்சியை வழியனுப்ப மட்டும் மனசு வரவில்லை. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏட்டி, நீ திருச்செந்தூர் போனாலே பத்திரமாக் கொண்டாந்து சேக்க ஒரு ஆளு வேணும். ஆப்பிரிக்காவுல யாரு தலையில போய் ஏறப் போறே?"

சிங்கம் தின்றுவிடும் என்று சொல்லியிருந்தால் நானே போகாமல் இருந்திருப்பேன். 'யாரு தலையில' என்றதுதான் சுருக்கென்று தைத்துவிட்டது. போகிறோம், ஒரு ஆள் தலையிலும் ஏறாமல் திரும்பி வருகிறோம், இதே இடத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சல்லிசான சஃபாரி என்று ஒன்று இருக்கிறது. தனி ஜீப் கிடையாது. முன்பின் தெரியாதவர்களோடு ஒரு வேனில் சீட்டு. ஓட்டல் கிடையாது, கூடாரம். அதை ஏற்பாடு செய்யவே எனக்கு ஒரு வருஷம் போயிற்று, அதில் பாதி கவலைப்பட்டதில் போனது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டால்தான் விடுவார்கள் என்றார்கள். "மஞ்சக் காமாலைக்கு ஊசி எதுக்கு, கீழாநெல்லியை அரைச்சுக் குடிச்சாப் போதுமே" என்றார் மதினி. அது வேறு மஞ்சள், இது வேறு மஞ்சள் என்று விளக்கிவிட்டுத் தூத்துக்குடி போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

பிறகு உடுப்பு. கறுப்பும் நீலமும் போட்டால் ஒரு வகை ஈ தேடி வந்து கடிக்கும், மண் நிறமே நல்லது என்று படித்திருந்தேன். கடையில் யூனிபார்ம் தைத்த காக்கித் துணி மிச்சம் கிடந்தது. அதில் சுடிதார் தைத்தேன். (ஒத்திகை பார்க்கப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். ஒருவர் என்னிடம் விளாத்திகுளத்துக்கு டிக்கெட் கேட்டார்.) பேண்டுக்கு எலாஸ்டிக் வைத்தால் அறுந்துவிடும் என்று நாடா கோத்தேன். நாடா அவிழ்ந்துவிடுமே என்று மேலே ஒரு பெல்ட். பெல்ட்டும் கைவிட்டால்? இரண்டு பக்கமும் ஊக்கு. ஒரு கோட்டைக்குக்கூட அவ்வளவு காவல் இருந்திருக்காது. அந்தக் காவலே பிற்பாடு எனக்கு எமனாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

கென்யாவில் வேன் டிரைவர் பேர் பீட்டர். முதல்நாள் என்னைப் பார்த்ததுமே, "வணக்கம் அக்கா, சாப்பாடு ரெடி!" என்றாரே பார்க்கலாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எப்போதோ வந்த சென்னைக்காரர்கள் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் அவரிடம் தமிழைத் தவிர வேறு பேசவில்லை. அவரும் நான் சொன்னதற்கெல்லாம் சிரித்துத் தலையை ஆட்டினார். எல்லாம் புரிந்துதான் ஆட்டுகிறார் என்று நம்பிவிட்டேன். (யாவாரத்தில் இருக்கிறவர்கள் எதற்கு வேண்டுமானாலும் தலையாட்டுவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 'புதன்கிழமை கண்டிப்பாத் தைச்சிருவேன்க்கா' என்று நானே எத்தனை ஆட்டு ஆட்டியிருக்கிறேன்.)

வேனில் மற்றவர்கள் வெள்ளைக்காரர்கள். பக்கத்து சீட்டில் ஹெல்கா என்று ஒரு ஜெர்மன் அம்மா. ரிட்டையர் ஆன டீச்சர். டீச்சர் என்று கேள்விப்பட்டதுமே நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டாவதில் விட்ட பயம், அப்படியே பத்திரமாக இருந்தது.

வேன் காட்டுக்குள் போகப் போக எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அங்கேயும் கரிசல் மண். வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, அசல் எங்கள் நாகலாபுரத்துப் பக்கம் மாதிரியே கிடக்கிறது. உளுந்து எடுத்த காட்டில் நாலு யானையை ஓட்டிவிட்டால் அதுதான் மசாய் மாரா. இது நம்ம காடுதான் என்று என் மனசு தப்பாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது.

காரியம் கெட்டது காலைக் குளிரில் குடித்த டீயினால். வழக்கமாக வேனில் ஏறுகிற நாளில் நான் தண்ணீரே குடிக்க மாட்டேன். அன்றைக்குக் குளிர் நடுக்கவே, இன்னொரு தம்ளரும் வாங்கிக் குடித்துவிட்டேன். வெயில் ஏறும்போது எனக்கு யானையும் தெரியவில்லை, ஒட்டகச்சிவிங்கியும் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

ஓரிடத்தில் வேன் நின்றது. கூரையைத் தூக்கிவிட்டு எல்லாரும் எழுந்து நின்று இடதுபக்கம் எதையோ பார்த்தார்கள். வலதுபக்கம், கொஞ்ச தூரத்தில், அடக்கமான ஒரு புதர். எங்கள் ஊர்க் காட்டில் பெண்கள் ஒதுங்குகிற புதர் மாதிரியே, வா வா என்று கூப்பிடுகிறது. நான் முன்னால் குனிந்து, "தம்பி, ஒரு நிமிசம் எறங்கி ஒதுங்கிட்டு வந்திரட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன். பீட்டர் கையில் ரேடியோவை வைத்திருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"போவா, போவா."

போ, வா. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒருத்தரும் எனக்கு வாயைத் திறந்து 'போயிட்டு வா' சொல்லவில்லை. இங்கே பாருங்கள், வெறும் 'போ' என்றால் நல்லாயிருக்காது என்று 'வா'வையும் சேர்த்துச் சொல்லுகிற பிள்ளை. எவ்வளவு நல்ல வளர்ப்பு! மெல்லக் கதவைத் தள்ளி இறங்கிவிட்டேன்.

(போவா என்றால் அவர்கள் பாஷையில் 'சரி, நல்லது' என்று அர்த்தம். அதுவும் எனக்குச் சொன்னதில்லை. ரேடியோவில் இன்னொரு டிரைவருக்குச் சொன்னது.)

புதரை எட்டப் போகும்போது பின்னால் பீட்டரின் குரல் கேட்டது. "இங்கியா! இங்கியா!"

எனக்கு மானம் போய்விட்டது. எங்கள் பக்கம் 'இங்கனயா' என்போம். இவர் சென்னைக்காரர்களிடம் பழகினவர், அதனால் 'இங்கியா' என்கிறார். இங்கேயா உட்காரப் போகிறாய், இவ்வளவு பேர் இருக்கும்போது, என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே. இருந்தாலும் இப்படிச் சத்தம் போட்டா கேட்பார்கள்? வெட்கத்தில் முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு இன்னும் தள்ளி, அடுத்த புதருக்குப் போனேன். (இங்கியா என்றால் 'உள்ளே ஏறு'.)

அங்கே போய் ஊக்கைக் கழற்றினேன். பெல்ட்டைக் கழற்றினேன். நாடா முடிச்சு விழுந்திருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் சத்தம். இந்தத் தடவை தொண்டை கிழிய.

"ஆச்சா! ஆச்சா!"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. மனுஷிக்கு ஒரு அவகாசம் கொடுக்க வேண்டாமா? "இன்னும் ஆகல தம்பி, செத்த இருங்க" என்று நானும் திருப்பிக் கத்தினேன். (ஆச்சா என்றால் 'நிறுத்து, வேண்டாம்'.)

என் சத்தம் கேட்டு, புல்லுக்குள் படுத்திருந்த ஒரு பெண் சிங்கம் எழுந்து உட்கார்ந்தது.

என் கடைக்கும் எதிர்த்த டீக்கடைக்கும் உள்ள தூரம்தான். அது என்னைப் பார்த்தது. நான் நாடாவைப் பிடித்தபடி அதைப் பார்த்தேன். இப்போது பீட்டர் 'ஆச்சா' என்று கேட்டிருந்தால், 'ஆயிற்று' என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிங்கத்தைக் கண்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, அதைப் பார்த்தபடியே பின்னுக்கு நடக்க வேண்டும் என்று படித்துவிட்டு, ஊரில் மொட்டை மாடியில் தினமும் சாயங்காலம் அதற்குப் பழகியிருந்தேன். மதினிதான் சிங்கம். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சிங்கமாக உட்கார்ந்திருப்பார். நான் கொடிக்கம்பியில் தலை இடிக்காமல் பின்பக்கமாகவே மாடிப்படி வரைக்கும் போவேன். அடுத்த வீட்டு மாடியிலிருந்து பார்த்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். சும்மா கவலைப்படுகிறவளுக்கும் என்னை மாதிரி முறையாகக் கவலைப்படுகிறவளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கால் தானாகவே பின்னால் போயிற்று. ஒரு கையில் நாடா, ஒரு கையில் பெல்ட், கண் சிங்கத்தின்மேல். அது கொட்டாவி விட்டது. (மதினியும் விடுவார்.) முதல் புதரைத் தாண்டினேன். பின்பக்கமாகவே வந்து, பின்பக்கமாகவே படியேறி, பின்பக்கமாகவே என் சீட்டில் உட்கார்ந்தேன். யாரும் என்னைத் தூக்கவில்லை, இழுக்கவில்லை. கதவைச் சாத்தினதுகூட நான்தான். சாத்திவிட்டு இரண்டு தடவை ஆட்டியும் பார்த்தேன்.

பீட்டர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துவிட்டார். அவர் தோள் நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்க ஆரம்பித்தது. காட்டுக்குள் ஆளை இறங்கவிட்டால் டிரைவரின் வேலை போய்விடும் என்று முன் சீட்டில் இருந்தவர் சொன்னார். ஹெல்கா அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. ரேடியோவில் பேசிக்கொண்டு ஆளைக் கவனிக்காத டிரைவரைப் பற்றிக் கூடாரத்துக்குப் போனதும் மேனேஜரிடம் சொல்லத்தான் போகிறேன் என்றார். என் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அண்ணன் குரல்தான் கேட்டது. கடல் தாண்டி வந்து, கடைசியில் ஏறியே விட்டேன், பீட்டர் தலையில்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடாரத்தில் மேனேஜர் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஹெல்கா அம்மா எழுந்து, வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி முழுசாகச் சொன்னார். பீட்டர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எனக்கு இங்கிலீஷ் கேட்டால் பாதி புரியும், பேசினால் ஒன்றும் வராது. அதுவும் ஒரு டீச்சருக்கு எதிரில். ஆனால் அன்றைக்கு எழுந்து நின்றேன். சிங்கத்துக்கு முன்னால்கூட அவ்வளவு பயந்ததில்லை.

"சார், டிரைவர் நோ மிஸ்டேக். டிரைவர் டாக் ரேடியோ. ஐ ஹியர் தமிழ். மை இயர் மிஸ்டேக்."

யாருக்கும் விளங்கவில்லை. சரி என்று நடித்தே காட்டினேன். பீட்டர் மாதிரி ரேடியோவைப் பிடித்து 'போவா' என்றேன். பிறகு என்னை மாதிரிக் கைகூப்பி, "தமிழ், போ, கோ. வா, கம். குட் பாய், ஐ கோ" என்றேன். மேனேஜர் உதட்டைக் கடித்துக்கொண்டார். 'இங்கியா'வுக்குத் துப்பட்டாவால் முகத்தை மூடி, "தமிழ், ஹியர்? ஐ ஷேம், ஐ கோ ஃபார்" என்று கூடாரத்தின் அந்தக் கோடிக்கு நடந்தேன். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். 'ஆச்சா' என்றால் தமிழில் முடிந்ததா என்று அர்த்தம் என்று சொன்னதும், ஹெல்கா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ட் வாட் டிட் யூ ஆன்சர்?"

"ஐ சே, நாட் ஃபினிஷ், ப்ளீஸ் வெயிட்."

அந்த அம்மா மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். மேனேஜர் சிரிப்பு அடங்கின பிறகு பீட்டரிடம் இரண்டே வார்த்தை சொன்னார். இனிமேல் கதவைப் பூட்டு என்று சொன்னாராம். அவ்வளவுதான், வேலை போகவில்லை. எட்டாவதோடு நின்றுபோன என் இங்கிலீஷ், ஒரு மனுஷனின் சோற்றைக் காப்பாற்றிவிட்டது. அதற்குப் பிறகு வேன் எங்கே நின்றாலும் பீட்டர் திரும்பி விரலை ஆட்டுவார்: "அக்கா, நோ போ, நோ வா."

ஊருக்கு வந்து அண்ணன் வீட்டில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். மதினி சிரித்துச் சிரித்துப் புரை ஏறிக் கிடந்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"நீயாத்தான் வண்டிக்குத் திரும்பி வந்தியா?"

"நானாத்தான் வந்தேன்."

"அந்த டிரைவரு?"

"வேலையில இருக்காரு. நான் ஊரு வந்து சேந்துட்டனான்னு மெசேஜ்கூட அனுப்புனாரு."

அண்ணன் உள்ளே போய்விட்டார். கோபம் போலிருக்கிறது என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். மூன்றாவது நாள் ஜங்ஷனில் வேலை பார்க்கிற ஒருவர் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில், "சிங்கத்துக்கு முன்னால நின்ன தங்கச்சி நீங்கதானா?" என்று என்னை உற்றுப் பார்த்தார்.

இப்போது எந்தக் கல்யாண வீடு என்றாலும் பந்தி முடிந்ததும் அண்ணன் அந்தக் கதையை எடுத்துவிடுவார். வீட்டுக்குள் யார் எதைத் தப்பாகச் செய்தாலும் 'மை இயர் மிஸ்டேக்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் சபையில் சொல்லும்போது அண்ணனுக்கு ஒரு சங்கடம் உண்டு. நாலு பேர் முன்னால் தங்கச்சி எதற்கு ஒதுங்கினாள் என்பதைச் சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டால் கதையில் நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, நேராகச் சிங்கத்தைப் பார்த்து நடந்து போனவளாக ஆகிவிடுகிறேன். ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் விடாமல் பிடித்துக்கொண்டார். அதெப்படி, இவ்வளவு பயந்த பொம்பளை எதுக்கு எறங்குனா என்று.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவளுக்கு அங்கன ஒரு சோலி இருந்துச்சு அண்ணாச்சி. சோலியை முடிச்சுட்டுத்தான் வண்டியில ஏறுனா."