நெல்லுக்கு ஒரு வழக்கு, சாக்குக்கு ஒரு வழக்கு

பதினெட்டு நாடுகளை ஒரே குடையின்கீழ் வைத்திருந்த பேரரசு ஒன்றில் மேழிநாடு என்றொரு நாடு இருந்தது. மழை பொய்க்கும் வருடங்களில் குடிகள் சாகக்கூடாது என்று அங்கே ஒரு பஞ்சக் களஞ்சியம் கட்டியிருந்தார்கள். நெல் மேழிநாட்டின் பொறுப்பு. அதைக் கட்டி வைக்கும் சாக்கு பேரரசின் பொறுப்பு. ஆளுக்குப் பாதி என்பது நல்ல ஏற்பாடுதான் என்று அப்போது எல்லோருக்கும் தோன்றியது.

அந்தக் களஞ்சியத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படியளந்தவர் செவ்வந்தியப்பன். ஒரு நாள் பட்டப்பகலில், நாட்டுத்தலைவர் கோமேதகனாரின் கொடி கட்டிய வண்டிகள் களஞ்சிய நெல்லை ஏற்றிக்கொண்டு அயல்நாட்டுச் சந்தைக்குப் போவதை அவர் பார்த்தார். ஊரும் பார்த்தது, பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செவ்வந்தியப்பனுக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

அந்த வருடம் பார்த்து மழை பொய்த்தது. அதைவிடப் பெரிய இடி, வழக்கு யாருடையது என்ற கேள்வி.

"திருடு போனது எங்கள் மண்ணில் விளைந்த நெல். ஆகவே குற்றமும் எங்கள் மண்ணில் விளைந்ததே," என்றார் மேழிநாட்டு வழக்குரைஞர். அவர் கோமேதகனார் நியமித்தவர்.

"நெல் தானாக நடந்து போகவில்லை. பேரரசின் சாக்கில் ஏறித்தான் போயிற்று. ஆகவே குற்றம் எங்களைச் சேரும்," என்றார் பேரரசு வழக்குரைஞர். கோமேதகனார் பேரவையில் மாமன்னருக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் என்பதை அவர் சொல்ல மறந்துவிட்டார்.

இரண்டு நீதிமன்றங்களும் சளைக்கவில்லை. ஆளுக்கொரு ஆணை போட்டுக் கோமேதகனாரைச் சிறையில் வைத்தன. மிச்சமிருந்த நெல் வழக்கின் சான்று என்பதால் களஞ்சியக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. நெல்லையும் சாக்கையும் ஒன்றாக விசாரிக்க முடியாது என்று அடுத்த ஆணை வந்தது. மூட்டைகளை அவிழ்த்து நெல்லைத் தரையில் கொட்டிவிட்டு, சாக்குகளைத் தலைநகருக்கு ஏற்றிப் போனார்கள். எந்த நீதிமன்றத்தின் அனுமதிக்கும் காத்திராமல் எலிகள் உள்ளே போயின. கைதியை ஒரு தரப்பு பட்டினி போட்டது என்று மறு தரப்பு சொல்லிவிடக் கூடாதே என்று, இரண்டு தரப்பும் கோமேதகனாருக்குத் தனித்தனியாக விருந்து அனுப்பின. சிறையில் அவருக்குத் தொந்தி விழுந்தது.

வெளியே அடுப்பு எரியவில்லை. செவ்வந்தியப்பனின் மகள் பூங்காவனம் தலைப்பிரசவத்துக்கு வந்தவள், கஞ்சிக்கே வழியில்லாமல் பால் வற்றிப்போய்க் கிடந்தாள். குழந்தைக்கு அழவும் தெம்பில்லை.

தண்ணீர்த் துறையில் பக்கத்து வீட்டு நாச்சம்மை அவரை மறித்தாள். "எல்லாரும்தான் வண்டியப் பாத்தோம். உனக்கு மட்டும் என்ன வந்துச்சு? உன் நேர்மைய உலையில போட்டுக் கஞ்சி காய்ச்ச முடியுமாய்யா?"

அவர் குடத்தை நிரப்பாமலே திரும்பினார். தப்புச் செய்தவர் சிறையில் தின்றுகொண்டிருக்க, அதைச் சொன்னவர் தெருவில் கூனிக் குறுகி நடந்தார்.

பூட்டு விழுந்த ஐந்தாம் மாதம் கோமேதகனார் சிறையிலிருந்தே ஓர் அறிக்கை விட்டார். நாட்டு நலனைக் கருதி, இனிப் பேரவையில் தம் கட்சி மாமன்னரின் பக்கம் உட்காரும் என்றார். மறுநாள் காலையில் இரண்டு வழக்குரைஞர்களும் ஒரே வண்டியில் செவ்வந்தியப்பனின் வாசலில் வந்து இறங்கினார்கள்.

"சாக்கெல்லாம் சோதிச்சுட்டோம். நல்ல சாக்கு. எங்களுக்குக் குறை ஒண்ணுமில்ல," என்றார் பேரரசு வழக்குரைஞர்.

"எங்களுக்கும் நெல்லு மேல வருத்தமில்ல. இப்ப உம்ம புகார் ஒண்ணுதான் குறுக்க நிக்குது. அத வாபஸ் வாங்கினீர்னா நாளைக்கே களஞ்சியம் தெறந்துடும்," என்றார் மற்றவர்.

புகாரைத் திரும்பப் பெறுகிறவர், தப்பாகப் பார்த்த குற்றத்துக்காக வலது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு நாற்பது நாள் நடமாட வேண்டும். அது மேழிநாட்டின் பழைய வழக்கம். துணியைக்கூடக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்.

"நான் பாத்தது நெசந்தானுங்களே?" என்றார் செவ்வந்தியப்பன்.

"நெசந்தான். அத யாரு இல்லேன்னா? கண்ணுதான் தப்பு."

உள்ளே அவர் மனைவி அஞ்சுகம் குழந்தையின் உதட்டை ஈரத்துணியால் நனைத்துக்கொண்டிருந்தாள். செவ்வந்தியப்பன் துணியை வாங்கித் தாமே கட்டிக்கொண்டார்.

மறுநாள் களஞ்சியம் திறந்தது. கோமேதகனார் மாலையும் கழுத்துமாக வந்து, எலி தின்ற மிச்சத்தைத் தம் சொந்தக் கொடையாகத் தம் கையாலேயே அளந்து போட்டார். ஊர் வரிசையில் நின்று வாழ்த்தியது. நாச்சம்மையின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

செவ்வந்தியப்பனின் முறை வந்தது. தலைவர் அவரை அடையாளம் கண்டு சிரித்தார்.

"பசின்னா நேரா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமேய்யா. புகார் எதுக்கு?"

செவ்வந்தியப்பன் தலைகுனிந்து துண்டை விரித்தார். நெல் விழுந்தது. இருபத்திரண்டு வருடம் அளந்த கைக்குத் துண்டின் கனம் சொல்லிவிட்டது. அவர் நிமிர்ந்து, கட்டாத கண்ணால் படியைப் பார்த்தார். உள்ளே அடியில் ஒரு மரக்கட்டையை இறக்கி வைத்திருந்தார்கள். படிக்குக் கால்படி குறையும்.

அவர் பார்ப்பதைத் தலைவரும் பார்த்தார். அவசரமே இல்லாமல் கேட்டார்.

"அளவு சரியா இருக்கா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அளவைப் பற்றி அந்த ஊரில் செவ்வந்தியப்பன் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"சரியா இருக்குங்கய்யா," என்றார் அவர், பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி.