கடல் இல்லாத ஊரில் சிப்பி சார்

ஹைதராபாத்தில் கடல் இல்லை என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் சிப்பி சார்தான். அலுவலகத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. லோத்குண்டாவில் எங்கள் அடுக்ககத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். பகலில் ஹைடெக் சிட்டியில் மென்பொருள் சோதனை. மற்ற நேரமெல்லாம் கல்லுமக்காய் என்கிற கடல் சிப்பியை வளர்ப்பது பற்றிய பேச்சு. லிஃப்டில் அவரோடு மாட்டிக்கொண்டால், மூன்றாவது மாடி வருவதற்குள் மூங்கில் மிதவை கட்டி, கயிறு தொங்கவிட்டு, அறுவடையும் முடித்துவிடுவார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. காரணத்தை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

நான் தஞ்சாவூர்க்காரன். என் மகள் இங்கே பிறந்து, இங்கே படித்தவள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். கோபமாக இருந்தால் இந்தியில் வரும். காரியம் ஆக வேண்டுமென்றால் ஆங்கிலம். அவள் என்னிடம் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசிவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே ஆசை. இரவுச் சாப்பாட்டின்போது தமிழ் மட்டுமே என்று விதி போட்டேன். அவள் வாயே திறக்காமல் சாப்பிட்டு எழுந்து போனாள். விதி மீறப்படவில்லை.

இந்த நிலையில்தான் சிப்பி சார் தன் பால்கனியில் பயிற்சி தொடங்கினார். சிப்பிக் குஞ்சுகளைக் கயிற்றோடு சேர்த்துப் பருத்தித் துணியால் சுற்றிக் கடலில் தொங்கவிடுவார்களாம். குஞ்சுகள் கயிற்றைப் பற்றிக்கொள்வதற்கும் துணி மக்கி உதிர்வதற்கும் சரியாக இருக்குமாம். குஞ்சு கிடைக்காததால் அவர் கூழாங்கற்களைச் சுற்றித் தொங்கவிட்டார்.

மறுநாள் காலை கயிறுகளுக்கெல்லாம் மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்திலேயே இருக்கும் பக்கத்து வீட்டு மாமியின் வேலை. மாமியின் தமிழில் ஹைதராபாத் உருது கலந்திருக்கும்: ஏன் என்பதற்குக் 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'.

"கல்லைத் துணியில சுத்திக் கட்டியிருக்கீங்க. வேண்டுதல்தானே சார்? கைக்கு மறைக்கிறீங்க?"

"வேண்டுதல் இல்ல மாமி, சிப்பி!"

"ஹவ், ஹவ். சிப்பியம்மனா? எங்க பக்கத்துல கேள்விப்பட்டதில்ல."

அடுத்து அவருக்குப் பருத்தித் துணி தேவைப்பட்டது. பாலியஸ்டர் கடலில் மக்காதாம். வீடு வீடாக வந்து கேட்டார். என் மனைவி என் பொங்கல் வேட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"பழசுதானேங்க!"

"ஒரு தடவைதான் கட்டினேன்!"

"அதான் பழசு."

வேட்டியை மீட்க மாடியில் இருந்த அவர் வீட்டுக்கு ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே என் மகள் பேசிக்கொண்டிருந்தாள். தமிழில்!

"அங்கிள், சிப்பிக்கு யாரு சோறு போடுவாங்க?"

"ஒண்ணும் போட வேண்டாம் மக்ளே. கடல் தண்ணியை உள்ள இழுத்து, அதுல கெடக்க பாசியைத் தின்னுட்டு, தெளிஞ்ச தண்ணியை வெளிய விடும். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். தண்ணி தெளிஞ்சா வெயிலு அடிவரைக்கும் போவும். தரையில புல்லு வளரும். மிதவைக்கு அடியில மீன்குஞ்சு வந்து ஒளியும். கேட்டியா?"

"அப்ப கடல் ஃபுல்லா கட்டலாமே!"

"அங்கதான் மனுசன் புத்தி கெட்டுப்போவுது. நெருக்கிக் கட்டினா அதுக்க கழிவே கீழ சேந்து நாறிப்போவும். எடம் விட்டுக் கட்டணும். பாறையில இருந்து குஞ்சு எடுத்தாலும் கொஞ்சம் விட்டுவச்சுதான் எடுக்கணும்."

அவள் இன்னொரு கேள்வி கேட்டாள். அதுவும் தமிழ். பெற்றவனுக்கு ஒரு வாக்கியம்கூட இல்லை; யாரோ ஒருவருக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தது. வேட்டியைக் கேட்காமலே இறங்கி வந்தேன்.

தோற்றுவிடக் கூடாதென்று மீன்தொட்டி வாங்கினேன். தங்க மீன், கலர் கல், குமிழி விடும் மோட்டார் எல்லாம் அதனதன் இடத்தில். தொட்டி முன் உட்கார்ந்து தினமும் மகளிடம் தமிழில் கேள்வி கேட்டேன். மீன்களாவது வாயைத் திறந்து திறந்து மூடின. இவள் அதுகூட இல்லை. இரண்டாவது வாரம் தொட்டியருகே வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பா, இதுக்க தண்ணி நாறுது. சிப்பி அங்கிளைக் கூப்பிடணும்."

நான் ஏங்கிக் காத்திருந்த முதல் வாக்கியம். அதில் அவர் பெயர் இருந்தது. போதாக்குறைக்கு நாகர்கோவில் தமிழ் வேறு! தஞ்சாவூர்க்காரன் மகள் 'இதுக்க' என்கிறாள். என் மனைவி சமையலறையில் சிரித்த சிரிப்பு லோத்குண்டா முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த வருடம் எல்லோரும் அமெரிக்கா போக வரிசையில் நின்றார்கள். சிப்பி சார் மட்டும் வேலையை விட்டுவிட்டு, மிதவை கட்டப் போகிறேன் என்று ஊருக்குக் கிளம்பினார். மாமி ரயிலடிக்கே வந்து, "நக்கோ சார், நல்ல வேலை, விடாதீங்க" என்று அழுதார். நான் முதல் ஆளாகப் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. மாடி வீடு பூட்டியதும் மகளின் தமிழும் நின்றுவிட்டது. மறுபடி தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். பேச ஆசைப்பட்ட விஷயமே ஊரை விட்டுப் போயிருந்தது. கடைசியில் நானே அவர் நம்பரைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். அதைக் கேட்க எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

"இதுக்கெல்லாமா கேக்கணும் சார்" என்றார்.

ஞாயிறுதோறும் அவரிடம் பேசிப் போனை வைத்ததும் அவள் என்னிடம் ஓடி வந்து, காற்றில் ஒரு மிதவை அடித்துக்கொண்டு போனதையும், மிச்ச மிதவையின் கீழே தண்ணீர் தெளிந்து தரை தெரிவதையும் மூச்சுவிடாமல் தமிழிலேயே சொல்வாள். 'இதுக்க', 'அதுக்க' எல்லாம் இருக்கும். நான் திருத்துவதில்லை.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் நான்தான் முதலில் எடுக்கிறேன். மகள் கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். "எப்பா, எனக்க போனு, தாங்க!" என்பாள். நான் திரும்பி நின்றுகொள்கிறேன். அந்த மனிதர் சாப்பிட்டாரா என்று முதலில் நான் கேட்டாக வேண்டும்.